தவிட்டுத்தூசி படிந்த ஹீட்சிங்க்: அரிசி ஆலைக் கணினி ஒன்றைச் சுத்தம் செய்த பதிவு

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையே உள்ள ஒரு புழுங்கலரிசி ஆலையில் எடைமேடைக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் கணினி, சம்பா அறுவடை முடிந்து நெல் லாரிகள் வாசலில் வரிசை கட்டி நின்ற சமயத்தில், நண்பகலானால் தானாக அணைந்துவிடத் தொடங்கியது. ஆலையின் கணக்கர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: “தம்பி, காலையில நல்லாத்தான் ஓடுது. உச்சி வெயில் ஏறினா படுத்துடுது. பொழுது சாய்ஞ்சா மறுபடி எழுந்திரிச்சுக்குது.” நோய் என்ன என்பதில் பாதி இந்தச் சொற்களிலேயே அடங்கியிருக்கிறது. வைரஸோ பழுதான ஹார்டு டிஸ்கோ வெயிலைப் பார்த்து வருவதில்லை. விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்று ஒருவர் ஏற்கெனவே சொல்லியிருந்தாராம். அதற்கு முன் வெப்பநிலையை அளந்து பார்த்துவிடலாம் என்று கேட்டுக்கொண்டேன்.

கணினி பழையது. உள்ளே இருப்பது 2013-இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ3-4130 என்ற புராசசர், அதாவது கணினியின் கணக்கீடுகளைச் செய்யும் சில்லு. அது 3.4 கிகாஹெர்ட்ஸ் வேகமும் 54 வாட் வெப்ப மதிப்பும் (முழு வேலையில் வெளியிடும் வெப்பத்தின் அளவு) கொண்டது. அதன் மேல், புராசசருடன் பெட்டியிலேயே வரும், அதன் சூட்டை வாங்கித் தகடுகளின் வழியே காற்றில் விடும் வட்ட வடிவ அலுமினிய ஹீட்சிங்கும் அதற்கு மேல் ஒரு விசிறியும் இருந்தன. இந்த வகைப் புராசசர் உட்புறம் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸைத் தொட்டால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அப்படிக் குறைத்த பிறகும் சூடு அடங்காவிட்டால் கணினி அணைந்துவிடுகிறது. அணைவதற்குப் பல வாரங்கள் முன்பிருந்தே ‘மெதுவாக இருக்கிறது’ என்று கணக்கர் சொல்லிவந்ததன் காரணமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கேபினட்டைத் திறக்கும் முன் அளவெடுப்பதை நான் ஒருபோதும் விடுவதில்லை. முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரியாமல் செய்த வேலைக்குப் பிறகு, குணமானதா இல்லையா என்பதை ஊகித்துத்தான் சொல்ல முடியும். கோர் டெம்ப் என்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையையும், சிபியு-இசட் மென்பொருளில் உள்ள, புராசசருக்கு முழு வேலை கொடுக்கும் அழுத்தச் சோதனையை ஓடவிட்டு வேகத்தையும் பார்த்தேன். அறையின் வெப்பம் 34 டிகிரி. எந்த வேலையும் கொடுக்காமல் சும்மா இருக்கும்போதே புராசசர் 68 டிகிரியில் நின்றது. சோதனையைத் தொடங்கியதும் சில நிமிடங்களில் 100-ஐத் தொட்டது, 3.4 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது 2.5-க்கும் கீழே இறங்கியது. விசிறியோ நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,600 சுற்றுகள் என்ற முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது. விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது, சூடு மட்டும் இறங்கவில்லை என்றால் காற்று போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை என்று பொருள். வெயில் கணக்கும் இங்கேதான் பொருந்துகிறது: அறையின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் புராசசரின் வெப்பமும் ஏறக்குறைய ஒரு டிகிரி கூடும், காலைக்கும் நண்பகலுக்கும் காவிரி டெல்டாவின் கோடையில் பத்து டிகிரி வித்தியாசம் சாதாரணம் என்பதால், காலையில் 90-ஐ ஒட்டித் தப்பித்துக்கொண்ட புராசசர் நண்பகலில் எல்லையைத் தாண்டிவிடுகிறது.

ஆலைத் தூசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சுத்தம் செய்யும் முறையே அதைப் பொறுத்து மாறுகிறது. வீட்டிலோ வங்கியிலோ இருக்கும் கணினியில் சேர்வது பெரும்பாலும் துணி நூலும் மண்ணும். ஒரு தூரிகையும் கொஞ்சம் காற்றும் போதும். அரிசி ஆலையில் வெவ்வேறு குணமுள்ள தூசிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. முதலாவது உமித்தூசி. அது உலர்ந்தது, இலேசானது, ஊதினால் பறந்துவிடும். இரண்டாவது தவிடு. அரிசித் தவிட்டில் எடையில் 15 முதல் 20 விழுக்காடு வரை எண்ணெய் உண்டு. அவித்த நெல்லின் தவிட்டில் அது இன்னும் கூடுதலாகவே இருக்கும். இந்த எண்ணெய் சூடான அலுமினியத் தகட்டின் மேல் படிந்து நாளாக நாளாகக் காற்றில் கெட்டுப் பிசினாகிறது. பின்னால் வரும் உமித்தூசியையும் அதுவே பிடித்து வைத்துக்கொள்கிறது. மூன்றாவது, கொதிகலனில் உமியை எரிப்பதால் வரும் சாம்பல். உமிச்சாம்பலில் பெரும்பகுதி, ஏறக்குறைய 85 முதல் 95 விழுக்காடு வரை, சிலிக்கா. அது மென்மையாகத் தோன்றினாலும் விசிறியின் அச்சுக்குள் புகுந்தால் உப்புத்தாள் போலத் தேய்க்கும். இவை போதாதென்று அலுவலக அறையில் வெள்ளிதோறும் சாம்பிராணிப் புகை. சாம்பிராணி மரப்பிசின் என்பதால் அதன் புகையும் மெல்லிய பிசுக்காகப் படிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றில் நிற்கும் ஈரம் இவையனைத்தையும் ஒன்றாக இறுக்கிவிடுகிறது. இதை வெறும் காற்றால் ஊதிப் போக்கிவிடலாம் என்று எண்ணுவது பயன் தராது.

மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்சமிருந்த மின்னேற்றத்தை வடித்தேன். கேபினட்டை அறையிலிருந்து வெளியே, காற்று வீசும் திசைக்கு முதுகு காட்டும்படி தாழ்வாரத்தில் வைத்தேன். மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. சிலிக்கா கலந்த சாம்பல் நுரையீரலுக்கு நல்லதல்ல. உள்ளே எதையும் தொடும் முன் பெயின்ட் அடிக்காத இரும்புப் பகுதியைக் கையால் தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிக்கொள்வதும் வழக்கமாக இருக்க வேண்டும். டெல்டாவின் ஈரக்காற்றில் நிலைமின்சாரம் குறைவுதான் என்றாலும், தொடுவதற்கு ஆகும் நேரம் ஒரு நொடிதான்.

பக்கத் தகட்டைக் கழற்றியதும் முதலில் தெரிந்தது சிக்கு வாடை. தவிட்டு மூட்டையைப் பல நாள் கழித்துப் பிரித்தால் வரும் அதே வாடை. டார்ச் விளக்கை விசிறியின் இறக்கைகளுக்கு இடையே அடித்துப் பார்த்தால் ஹீட்சிங்கின் தகடுகள் தெரியவே இல்லை. விசிறிக்குக் கீழே, தகடுகளின் மேல் விளிம்பில், தேன்நிறத்தில் கம்பளித் துண்டு ஒன்றை வட்டமாக வெட்டி வைத்தது போல ஒரு மெத்தை மூடியிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு முழு உமி, தன் கூர்முனையோடு அப்படியே செருகி நின்றது. விசிறி மேலிருந்து கீழே காற்றைத் தள்ளுவதால் தூசி முழுவதும் அந்த ஒரு தளத்தில்தான் வந்து அமர்கிறது. தகடுகளின் அடிப்பகுதி ஒப்பீட்டில் சுத்தமாகவே இருந்தது. கண்ணுக்கு எளிதில் தெரியாத அந்தத் தளத்தை விட்டுவிட்டு வெளிப்பக்கத்தை மட்டும் ஊதிக் கொடுத்தால், கணினி பளபளப்பாக இருக்கும், சூடு அப்படியே இருக்கும்.

காற்றூதும் கருவியான புளோயரை எடுக்கும் முன் விசிறியின் நடுவை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். புளோயர் காற்றில் விசிறி சுழல விட்டால், அது வடிவமைக்கப்பட்ட வேகத்தைத் தாண்டி ஓடி அச்சு தேயும். விசிறியின் மோட்டார் சுழலும்போது மின்சாரத்தை உண்டாக்கி, கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டுக்குள் அனுப்பவும் கூடும். புளோயரின் முதல் மூச்சைக் கணினியின் மேல் விடாமல் வேறு பக்கம் விட்டுவிடுவது நல்லது, அதன் வயிற்றிலேயே பழைய தூசி இருக்கும். முதலில் ஓர் அங்குலப் பெயின்ட் தூரிகையால் தகடுகளின் பக்கவாட்டு இடைவெளிகளில் மெதுவாகத் தட்டி மெத்தையைத் தளர்த்தினேன். பிறகு ஒரு சாண் தூரத்திலிருந்து, பக்கத்திலிருந்து மேல்நோக்கிக் காற்றைச் செலுத்தினேன். மேலிருந்து கீழே ஊதினால் மெத்தை தகடுகளுக்குள் இன்னும் ஆழமாக இறுகும். பாதிக்கு மேல் பாளம் பாளமாக விசிறியின் வழியே வெளியேறியது. எண்ணெய் பிடித்த மிச்சம் தகடுகளிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்-ஐத் திறக்கவில்லை. மின்கம்பியைப் பிடுங்கிய பின்பும் அதன் உள்ளே மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் நிற்கலாம் என்பதால், வெளியிலிருந்து துளைகளின் வழியே ஊதியதோடு நிறுத்திக்கொண்டேன்.

இந்த இடத்தில் வேலையை நிறுத்தி, எல்லாவற்றையும் இணைத்து, மறுபடி அளந்தேன். புராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே சூட்டைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட்டைத் தொடாமல் தூசியை மட்டும் எடுத்ததற்கு எவ்வளவு பலன் என்று தனியாகத் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். அறை அதே 34 டிகிரியில் இருக்க, சும்மா இருக்கும்போது 68-இலிருந்து 49-க்கும், அழுத்தச் சோதனையில் 100-இலிருந்து 83-க்கும் இறங்கியது, வேகம் 3.4-லேயே அசையாமல் நின்றது. முன்பு கண்ட 100 டிகிரி உண்மையில் புராசசர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தன்னைப் பிடித்து நிறுத்திய எல்லை. முழு வேகத்தில் ஓட விட்டிருந்தால் அதற்கும் மேலே போயிருக்கும் என்பதால், தூசியை நீக்கியதன் பலன் 17 டிகிரியைவிடக் கூடுதல் என்றே கொள்ள வேண்டும். பேஸ்ட் மாற்றுவதைப் பெரிய மருத்துவமாகப் பேசுகிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். காற்றுப்பாதை திறந்திருப்பதே முதல் சிகிச்சை.

அடுத்தது ஹீட்சிங்கைக் கழற்றுவது. பத்து ஆண்டுப் பேஸ்ட் காய்ந்து இறுகியிருக்கும் என்பதால், கணினியைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு இளஞ்சூடான நிலையில் அணைத்துக் கழற்றுவது நல்லது. அளவெடுப்பதற்காக ஓடவிட்டிருந்ததால் இங்கே அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை. விசிறியின் இணைப்பைப் பிடுங்கிய பின், நான்கு மூலைகளிலும் உள்ள பிளாஸ்டிக் ஊசிகளின் தலையை அதில் பொறித்துள்ள அம்புக்குறியின் திசையில் கால் சுற்றுத் திருப்பி மேலே இழுத்தால் அவை விடுபடும். ஊசிகள் விடுபட்டாலும் ஹீட்சிங்கை நேராக மேலே பிடுங்கக் கூடாது. இடமும் வலமுமாகச் சற்றே திருகினால் பேஸ்ட்டின் பிடி தளர்ந்து தானாக வரும். இந்த இன்டெல் புராசசர் ஓர் இரும்புச் சட்டத்தால் அழுத்திப் பிடிக்கப்பட்டிருப்பதால் உடன் கிளம்பி வராது. ஏஎம்4 வகைச் சாக்கெட்டில் (மதர்போர்டில் புராசசர் அமரும் இடம்) உள்ள ஏஎம்டி புராசசர்களில் அப்படிப்பட்ட சட்டம் இல்லை. ஊசிக் கால்கள் புராசசரின் அடியிலேயே இருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் ஹீட்சிங்கோடு புராசசரும் பெயர்ந்து கால்கள் வளைந்துவிடும். அவற்றில் சூடாக்கித் திருகும் இந்தப் பொறுமை இன்னும் அவசியம்.

புராசசரைச் சாக்கெட்டிலிருந்து எடுக்க வேண்டிய தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. துடைக்க வேண்டியது அதன் மேல்முகம் மட்டும்தான். கீழே சாக்கெட்டில் உள்ள தலைமுடி அளவு ஊசிகளில் ஒன்று வளைந்தாலும் மதர்போர்டு போய்விடும். பழைய பேஸ்ட் சாம்பல் நிறத்தில் காய்ந்த சேறு போல வெடித்திருந்தது. முதலில் உலர்ந்த துணியால் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியின் நுனியை நனைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைத்தேன். நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்தால் பேஸ்ட் சாக்கெட்டுக்குள் வழியும். மூக்குக்கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியே இதற்கு ஏற்றது, பழைய வேட்டித் துண்டு நூல் விடும். பெட்ரோலும் நகப்பூச்சு நீக்கியும் தின்னரும் வேண்டாம். அவை பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். கடைசித் துடைப்பில் துணி வெள்ளையாகவே திரும்பி வந்து, நிக்கல் பூசிய மேல்முகத்தில் புராசசரின் பெயர் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தபோது நிறுத்தினேன்.

ஹீட்சிங்கிலிருந்து விசிறிச் சட்டத்தை அதன் கொக்கிகளை விலக்கித் தனியே எடுத்துவிட்டால், மிஞ்சுவது வெறும் அலுமினியத் துண்டு. அதைத் தண்ணீரில் கழுவப் பலர் அஞ்சுகிறார்கள், அஞ்சத் தேவையில்லை. தவிட்டு எண்ணெய்க்கு ஆல்கஹாலைவிடப் பாத்திரம் துலக்கும் சோப்புத் தண்ணீரும் வெந்நீரும் நன்றாக வேலை செய்கின்றன. அரை மணி ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு தகட்டின் இடையிலும் தேய்த்தபோது தண்ணீர் கழுநீர் நிறத்துக்கு மாறியது. சலவைச் சோடாவும் கழிவறை ஆசிட்டும் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் அவற்றின் பக்கம் போகக் கூடாது. நல்ல தண்ணீரில் அலசி, உதறி, வெயிலில் முழுதாகக் காயவைத்து, பேஸ்ட் படும் அடிமுகத்தை ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்தேன். விசிறியைக் கழுவவில்லை, இறக்கைகளை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்ததோடு சரி.

பேஸ்ட்டைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. புராசசரின் மேல்முகத்தை ஏறக்குறைய 9 சதுர சென்டிமீட்டர் என்றும், பேஸ்ட்டின் கனத்தை 0.05 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். அந்த இடைவெளியில் வெறும் காற்று இருந்தால், காற்றின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.026 வாட் மட்டுமே என்பதால், 54 வாட் வெப்பம் அதைக் கடக்க நூறு டிகிரிக்கு மேல் வித்தியாசம் தேவைப்படும். 4 வாட் கடத்துதிறன் கொண்ட சாதாரண பேஸ்ட் இருந்தால் அது ஒரு டிகிரிக்கும் குறைவு. 8 வாட் என்று பெட்டியில் போட்டிருக்கும் விலையுயர்ந்த பேஸ்ட்டை வாங்கினால் அந்த ஒரு டிகிரிக்குள் பாதி மிச்சமாகும். வெப்பம் நடுப்பகுதியிலிருந்தே அதிகம் வருவதால் நடைமுறையில் இந்த எண்கள் சற்றுக் கூடும். ஆனாலும் பேஸ்ட் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாடு மலையளவு, மலிவானதற்கும் விலையுயர்ந்ததற்கும் உள்ள வேறுபாடு, இப்படிப்பட்ட அலுவலகக் கணினியில், மிகச் சிறியது. ஆலைக்காரரிடம் நடுத்தர விலையில் உள்ளதையே வாங்கச் சொன்னேன்.

அளவும் முக்கியம். நடுவில் ஓர் அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய துளி போதும். ஹீட்சிங்கின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். இட்லிக்கு நெய் ஊற்றுவதுபோலத் தாராளமாகப் போட்டால் பேஸ்ட்டின் கனம் கூடி, உலோகமும் உலோகமும் நெருங்குவதைத் தடுக்கும். பேஸ்ட் உலோகத்தைவிட மிக மோசமான கடத்தி, அலுமினியத்தின் கடத்துதிறன் 200 வாட்டுக்கு மேல்.

திரும்பப் பொருத்துவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நான்கு ஊசிகளின் தலைகளையும் முதலில் பழைய நிலைக்குத் திருப்பிவைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று மாறியிருந்தாலும் அது பிடிக்காது. ஹீட்சிங்கை நேராக இறக்கி, ஒரு மூலையையும் அதற்கு எதிர்மூலையையும் ஒரே நேரத்தில் அழுத்தி, பிறகு மற்ற இரண்டையும் அழுத்த வேண்டும். ‘டிக்’ என்ற ஒலி கேட்டால் போதும் என்று விட்டுவிடாமல், மதர்போர்டின் பின்பக்கத்தைப் பார்க்க முடிந்தால் பார்த்துவிடுவது நல்லது: வெள்ளைக் கால்கள் இரண்டாகப் பிரிந்து நடுவில் கறுப்பு ஊசி முழுதாகத் தெரிய வேண்டும். நான்கில் ஒன்று பிடிக்காமல் இருந்தாலும் ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கி நின்று, செய்த வேலை முழுவதும் வீணாகும். கடைசியாக விசிறியின் இணைப்பைப் போட்டு, அதன் ஒயர் இறக்கையில் படாதபடி ஒதுக்கிக் கட்டினேன்.

அளவுகள்: அறை 34, சும்மா இருக்கும்போது 42, அழுத்தச் சோதனையில் அரை மணி நேரத்துக்குப் பின்னும் 69. விசிறி 1,500 சுற்றுகளை ஒட்டியே சுற்றியது. அறையில் உட்கார்ந்திருந்தால் அதன் ஒலி கேட்கவில்லை. கணக்கர் அடுத்தடுத்து எடைச்சீட்டுகளை அச்சிட்டுப் பார்த்துவிட்டு, பிரிண்டர் பக்கம் திரும்பி அதையும் ஒருமுறை ஊதிக் கொடுக்கச் சொன்னார்.

கேபினட் திறந்திருந்தபோதே செய்து முடித்த சில சிறு வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். பின்பக்க விசிறி கரகரத்தது. அதன் நடுவில் ஒட்டியிருந்த தாளைப் பாதி உரித்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு துளி விட்டதும் அடங்கியது. தேங்காய் எண்ணெய் விடக் கூடாது, நாளடைவில் பிசுக்காகி அச்சைப் பிடித்துக்கொள்ளும். சாம்பல் ஏற்கெனவே அச்சைத் தேய்த்திருப்பதால் இந்த எண்ணெய் ஒரு பருவத்துக்குத்தான் தாங்கும், அடுத்த முறை விசிறியையே மாற்ற வேண்டியிருக்கும். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியையும் மாற்றினேன். அது வலுவிழந்தால் கணினியின் தேதி பின்னோக்கிப் போய்விடும், எடைச்சீட்டில் தேதி தவறாக விழுவது நெல் கொண்டுவரும் விவசாயிக்கும் ஆலைக்கும் வீண் வழக்கில் முடியும்.

இனி இடம். கேபினட் தரையில், கொதிகலன் பக்கத்து ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. அதை மேசை உயரத்துக்கு ஏற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, எதிர்ப்பக்கம் மாற்றினோம். தூசி படாமல் இருக்கட்டும் என்று ஓடும்போதும் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார்கள். அந்த உறையே பாதிக் காற்றை அடைத்துவந்தது. கணினியை அணைத்து முழுதாக ஆறிய பிறகு உறையைப் போடலாம், காலையில் இயக்கும் முன் எடுத்துவிட வேண்டும். முகப்பில் காற்று நுழையும் துளைகளின் மேல் ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனம் காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. அதை ஈரத்துணியால் எடுத்துவிட்டு, இனிமேல் பொட்டைக் கேபினட்டின் மேல்தகட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொண்டேன், உடனே ஒப்புக்கொண்டார்கள். அதே துளைகளின் மேல் கொசுவலை நைலான் துண்டு ஒன்றை இரட்டையாக மடித்து, நான்கு மூலைகளிலும் காந்தம் வைத்து ஒட்டினேன். தவிடு முதலில் அந்த வலையில் படியும். வாரம் ஒருமுறை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் அலசி, காயவைத்துத் திரும்ப வைப்பது கணக்கரின் உதவியாளர் பொறுப்பு. கேபினட்டைத் திறந்து தூரிகையும் புளோயரும் போடுவதைக் குறுவை அறுவடை முடிந்து மழை தொடங்கும் முன் ஒருமுறையும், சம்பா வரத்து ஓய்ந்ததும் ஒருமுறையும் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். பேஸ்ட்டை மூன்று, நான்கு ஆண்டுகளுக்குத் தொட வேண்டியதில்லை, இடையில் கோர் டெம்ப் காட்டும் எண் வலையை அலசிய பிறகும் 80-ஐத் தாண்டினால் மட்டும் என்னைக் கூப்பிடலாம்.